பகிர்ந்த இடரும் பகிராத சுமையும்: பன்னாட்டுக் கூட்டுக்கடன் சந்தையின் ஒப்பந்த வரலாறு (1969–1990)

ஆய்வுச் சுருக்கம்

பல வங்கிகள் ஒரே ஒப்பந்தத்தின்கீழ் ஒரு கடனாளிக்குப் பணம் வழங்கும் முறை கூட்டுக்கடன் எனப்படும். வங்கித் தொழிலில் இது சிண்டிகேட் கடன் என்று வழங்குகிறது. 1960களின் இறுதியில் இலண்டனில் உருப்பெற்ற இச்சந்தை, 1970களில் வளரும் நாடுகளின் அரசுகளுக்கு முதன்மையான நிதி ஊற்றாக விளங்கியது; 1982-இல் மெக்சிகோ நெருக்கடியோடு தடைப்பட்டது. இவ்வெழுச்சியையும் வீழ்ச்சியையும் எண்ணெய் விலை, அமெரிக்க வட்டிக் கொள்கை ஆகியவற்றைக் கொண்டு விளக்குவதே பெருவழக்கு. இக்கட்டுரை அக்காரணங்களை மறுக்கவில்லை. ஆயினும், மிதவை வட்டி, பகிர்வு விதி, தொடர்தவறு விதி, பெரும்பான்மை வாக்கு முதலான ஒப்பந்த உறுப்புகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு அவ்விளக்கத்தை மறுபரிசீலனை செய்கிறது. நெருக்கடியின் சுமை எவர்மீது விழும் என்பதை, கடன் கையெழுத்தான நாளிலேயே இவ்விதிகள் பெரிதும் தீர்மானித்துவிட்டன என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: கூட்டுக்கடன், யூரோ டாலர், லைபார், மிதவை வட்டி, மெக்சிகோ நெருக்கடி, பிராடி திட்டம்

முன்னுரை

அரசுகள் அயல்நாட்டில் கடன் பெறுவது புதிய வழக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலத்தீன் அமெரிக்க அரசுகள் இலண்டனில் கடன் பத்திரங்களை விற்றே பணம் திரட்டின. அப்பத்திரங்களை வாங்கியோர் எண்ணற்ற தனி முதலீட்டாளர்கள். பேரிங் போன்ற வணிக வங்கிகள் வெளியீட்டை ஏற்று நடத்தினவேயன்றிக் கடன் முழுவதையும் தம் கணக்கிலேயே வைத்திருக்கும் நோக்குடையன அல்ல. விற்காத அர்ஜென்டினப் பத்திரங்கள் கையில் தேங்கியதால் 1890-இல் பேரிங் நிறுவனம் நிலைகுலைந்தது, அவ்வழக்கிலிருந்து விலகிய நிகழ்வாகவே அக்காலத்தில் கருதப்பட்டது. 1930களில் பல நாடுகள் தவணை தவறியபோதும் இழப்பு பெரும்பாலும் பத்திரம் வைத்திருந்தோரையே சேர்ந்தது.

1982-இல் நிலைமை வேறாக இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒன்பது பெரிய வங்கிகள் வளரும் நாடுகளுக்கு வழங்கியிருந்த கடன், அவ்வங்கிகளின் மொத்த மூலதனத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இலத்தீன் அமெரிக்கக் கடன் மட்டுமே மூலதனத்தின் 176 விழுக்காடு. கடனாளி நாடு தவறினால் கடன் தந்த வங்கியே அழியும் என்ற நிலை அது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் இத்தகைய செறிவு எவ்வாறு உருவானது என்பதும், இடரைப் பலரிடையே பகிர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கருவி அதற்கு எவ்வாறு துணைநின்றது என்பதும் விளக்கம் வேண்டுவன.

கரை கடந்த டாலர்

கூட்டுக்கடனின் மூலப்பொருள் யூரோ டாலர். அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள வங்கிகளில் வைப்பாக இருக்கும் டாலருக்கே இப்பெயர். இது ஐரோப்பாவின் இன்றைய பொது நாணயமான யூரோவைக் குறிப்பதன்று; அந்நாணயம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல் வழக்கில் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் அரசு தன் டாலர் இருப்பை அமெரிக்க மண்ணில் வைக்கத் தயங்கியது. ஆகவே இலண்டனிலிருந்த மாஸ்கோ நரோத்னி வங்கியிலும் பாரிசிலிருந்த சோவியத் வங்கியிலும் அதனை வைத்தது. உலக முதலாளியத்தின் மிகக் கட்டற்ற பணச் சந்தைக்குத் தொடக்கக்கால வைப்பாளர்களுள் ஒருவர் சோவியத் அரசு என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சந்தை விரிந்ததற்கு அமெரிக்கச் சட்டங்களே பெருங்காரணம். வைப்புகளுக்கு வழங்கும் வட்டிக்கு அமெரிக்க மத்திய வங்கியின் 'ஒழுங்குமுறை கியூ' உச்சவரம்பு விதித்தது. இலண்டனில் அவ்வரம்பு இல்லை. 1963-இல் வந்த வட்டிச் சமன் வரி, அயல்நாட்டினர் நியூயார்க்கில் பத்திரம் விற்பதைச் செலவு மிக்கதாக்கியது. 1965-இல் அமெரிக்க வங்கிகள் அயல்நாடுகளுக்குக் கடன் வழங்குவதற்கும் கட்டுப்பாடு வந்தது. டாலரைத் தேடியோர் இலண்டனுக்குத் திரும்பினர்; அமெரிக்க வங்கிகளும் அவர்களைத் தொடர்ந்து அங்குக் கிளைகள் அமைத்தன. அந்நாட்டு அரசு உள்ளே அடைக்க முயன்ற பணமே வெளியே ஒரு சந்தையாகத் திரண்டது எனலாம்.

அச்சந்தைக்கு ஒரு குறை இருந்தது. வைப்புகள் பெரும்பாலும் மூன்று மாதம், ஆறு மாதம் எனக் குறுகிய காலத்தன. கடன் கேட்போருக்கோ ஐந்தாண்டும் பத்தாண்டும் தேவை. நிலையான வட்டியில் பத்தாண்டுக் கடன் கொடுத்துவிட்டு ஆறு மாத வைப்பை நம்பியிருக்கும் வங்கி, வைப்பின் வட்டி உயர்ந்த கணமே இழப்பில் வீழும். இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வே நவீனக் கூட்டுக்கடனுக்கு வடிவம் தந்தது.

1969: ஈரான் கடனும் வட்டி வாய்பாடும்

கிரீட் தீவில் பிறந்த மினோஸ் சோம்பனாகிஸ், அமெரிக்காவின் மானுஃபாக்சரர்ஸ் ஹனோவர் வங்கிக்காக இலண்டனில் ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினார். 1969-இல் அவர் ஈரான் அரசுக்கு 8 கோடி டாலர் கூட்டுக்கடன் ஒன்றை ஏற்பாடு செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் ஆஸ்திரியாவுக்கு வழங்கப்பட்ட 10 கோடி டாலர் கடனையே முதலாவதாகக் கொள்வோரும் உண்டு. எது முதலாவது என்ற வினாவைவிட, ஈரான் கடனில் கையாளப்பட்ட வட்டி வாய்பாடு எத்தகையது என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

கடனின் காலம் பல ஆண்டுகள். ஆனால் வட்டி சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிடப்படும். ஒவ்வொரு தவணைக் காலமும் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கூட்டத்தைச் சேர்ந்த குறிப்பிட்ட சில வங்கிகள் தாம் இலண்டனில் என்ன வட்டிக்கு டாலர் திரட்ட முடியும் என்று தெரிவிக்கும். அவற்றின் சராசரியை எட்டில் ஒரு விழுக்காட்டின் அளவுக்கு முழுமையாக்கி, அதன்மேல் வங்கிகளின் ஆதாயமாக ஒரு மேல்வீதத்தைச் சேர்ப்பர். கடனாளி செலுத்த வேண்டிய வட்டி இதுவே. இச்சராசரியே பின்னர் இலண்டன் வங்கியிடை வட்டி வீதம், சுருக்கமாக லைபார், என்று பெயர் பெற்றது. 1986-இல்தான் பிரித்தானிய வங்கியாளர் சங்கம் அதனை முறைப்படி வெளியிடத் தொடங்கியது. ஆக, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தனித்தனியே கணக்கிடப்பட்ட எண்ணாகவே இருந்தது.

வாய்பாட்டின் எளிமை அதன் விளைவை மறைத்துவிடக்கூடும். பணம் திரட்டும் செலவு உயர்ந்தால் அவ்வுயர்வு முழுவதும் கடனாளியைச் சேரும். வங்கியின் மேல்வீதம் மட்டும் மாறாது. அதாவது, வட்டி மாற்றத்தின் இடர் வங்கியிடமிருந்து நீங்கிக் கடனாளியின் தோளுக்கு மாறியது. ஒப்பந்தத்தின் பிற உறுப்புகளும் இத்திசையிலேயே அமைந்தன. கடனாளி நாட்டில் வட்டிமீது வரி பிடிக்கப்பட்டால் அவ்வரியையும் கடனாளியே ஈடுசெய்ய வேண்டும். வங்கிகளின் கட்டாய இருப்பு முதலியவை பற்றிய விதிகள் மாறிச் செலவு கூடினால் அக்கூடுதலும் அவனுடையதே. இலண்டன் சந்தையில் டாலரே கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. வங்கிகள் முன்னுணர்ந்து தவிர்த்த இடர்கள் இவ்வளவு. தவிர்க்க இயலாமல் எஞ்சியது ஒன்றே: கடனாளி பணம் செலுத்த முடியாமற் போவது. அதனையும் கூட்டம் சேர்த்துச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துவிடலாம் என்று நம்பினர். அமெரிக்கத் தேசிய வங்கி ஒன்று ஒரே கடனாளிக்குத் தன் மூலதனத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்ற அக்காலச் சட்டமும் பங்கு பிரித்தலைத் தேவையாக்கியது.

முதல்வகை இடரை முற்றாகக் கடனாளிமீது ஏற்றுவது, இரண்டாம்வகை இடரைப் பெருக்கும் என்பதை அன்று பலரும் கருதிப் பார்க்கவில்லை. வட்டி ஏறஏறக் கடனாளியின் செலுத்தும் திறன் குறையும். இவ்விரு இடர்களும் ஒன்றையொன்று சாராதவை போல ஒப்பந்தத்தில் தனித்தனி விதிகளில் எழுதப்பட்டன. நடைமுறையில் அவை ஒன்றே.

எண்ணெய்ப் பணமும் பெருகிய கூட்டங்களும்

1973 இறுதியில் தொடங்கிய விலையேற்றத்தால் ஒரு பீப்பாய் எண்ணெய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் உபரி வருவாய் இலண்டனிலும் நியூயார்க்கிலும் குறுகிய கால வைப்பாக வந்து சேர்ந்தது. எண்ணெய் இறக்குமதி செய்த நாடுகளுக்கோ அயல்செலாவணிப் பற்றாக்குறை. இடையே நின்ற வங்கிகள் ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்தன. மேலை அரசுகளும் இதனை வரவேற்றன; தாம் செய்ய வேண்டிய உதவியைச் சந்தை செய்கிறது என்று அவை கருதின. இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மொத்தக் கடன் நிலுவை 1970 இறுதியில் 2,900 கோடி டாலர். 1978 இறுதியில் 15,900 கோடி டாலர். 1982-இல் 32,700 கோடி டாலர்.

இவ்வளவு கடன் எவ்வாறு விற்கப்பட்டது என்பதை நோக்குவது பயனுடையது. முன்னணி வங்கி ஒன்று கடனாளியிடம் ஏற்பாட்டுப் பொறுப்பைப் பெறும். தகவல் ஏடு ஒன்றைத் தயாரித்துப் பல நூறு வங்கிகளுக்குத் தொலைவரி மூலம் அழைப்பு விடுக்கும். சேர்ந்த வங்கிகள் தத்தம் பங்கை ஏற்கும். கடன் முடிந்ததும் பங்கேற்ற வங்கிகளின் பெயர்கள் அடுக்கப்பட்ட விளம்பரம் நிதி இதழ்களில் வரும். அதன் தோற்றத்தை வைத்து அதற்குக் 'கல்லறைக்கல்' என்ற பெயர் வங்கியாளரிடையே வழங்கியது. ஏற்பாட்டுக் கட்டணம் கையெழுத்தான உடனே கிடைக்கும். மேல்வீத ஆதாயமோ ஆண்டுகள் பலவற்றில் சிறிது சிறிதாக வரும். கடன் தவறும் இடரும் அவ்வாறே பின்னர்த்தான் வரும். எனவே முன்னணி வங்கியின் ஊக்கம் கடனின் தரத்தைவிடக் கடனின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் போட்டி மிகுந்து, தரமான அரசுக் கடனாளிகளுக்கு மேல்வீதம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

சேர்ந்த சிறு வங்கிகளின் நிலை வேறு. அமெரிக்க உள்மாநிலங்களிலிருந்த வட்டார வங்கிகள், தம் அலுவலர் எவரும் கால் வைத்திராத நாடுகளின் கடனில் பங்கேற்றன. பெரிய வங்கி ஆராய்ந்திருக்கும் என்று அவை நம்பின. அந்த நம்பிக்கை சட்டத்தின்முன் எவ்வளவு நிற்கும் என்பது 1970களின் நடுவில் கோலோகோட்ரோனிஸ் கப்பல் குழுமக் கடன் தொடர்பாக எழுந்த வழக்குகளில் வினாவாயிற்று. முன்னணி வங்கி உண்மை நிலையை உரியவாறு தெரிவிக்கவில்லை என்று பங்கு வாங்கிய வங்கிகள் முறையிட்டன. அதற்குப்பின் ஒப்பந்தங்களில், ஒவ்வொரு வங்கியும் தானே ஆராய்ந்து தன் பொறுப்பில் சேர்ந்ததாக ஒப்புக்கொள்ளும் விதி அழுத்தமாக இடம்பெறலாயிற்று. தகவல் அறியாத வங்கி, தான் அறிந்தே சேர்ந்ததாகக் கையெழுத்திட்டது. சந்தையின் போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 1974 சூன் மாதம் செருமானிய எர்ஷ்டாட் வங்கி மூடப்பட்டபோது வங்கியிடைச் சந்தை சில மாதங்கள் முடங்கியது. சிறிய வங்கிகள் கூடுதல் வட்டி தந்தே பணம் பெற்றன. 1970களின் நடுவில் சயீர் நிலுவையில் விழுந்தது. 1976-இல் பெரு நாட்டுக்கு அமெரிக்க வங்கிகள் கடன் வழங்கி, அதன் பொருளாதாரச் சீரமைப்பைத் தாமே கண்காணிக்கவும் முற்பட்டன. ஓர் இறையாண்மை அரசின் வரவு செலவைத் தனியார் வங்கிகள் மேற்பார்ப்பது இயலாது என்பது ஓராண்டுக்குள் தெளிவாயிற்று. அப்பணியைப் பன்னாட்டு நிதியத்திடம் விடுவதே நன்று என்ற பாடத்தை வங்கிகள் கற்றன. கடனைக் குறைக்கும் பாடத்தைக் கற்கவில்லை. சிட்டி வங்கியின் தலைவர் வால்டர் ரிஸ்டன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கருத்து, நாடுகள் திவாலாகி மறைவதில்லை என்பது. அக்கருத்து பிழையன்று; ஆனால் நாடு மறையாமல் இருப்பதும் தவணை தவறாமல் வருவதும் வெவ்வேறு.

ஈரான் மீண்டும்: 1979

முதற்கட்டக் கூட்டுக்கடன்களுள் ஒன்றைப் பெற்ற ஈரானே, பத்தாண்டு கழித்துக் கூட்டுக்கடனின் அரசியலையும் வெளிப்படுத்தியது. ஷா ஆட்சிக்காலத்தில், 1977 சனவரியில், 50 கோடி டாலர் கூட்டுக்கடன் ஒன்று கையெழுத்தாகியிருந்தது. சேஸ் மன்ஹாட்டன் அதன் முகவர் வங்கி. புரட்சிக்குப்பின் 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நவம்பர் 14 அன்று அதிபர் கார்ட்டர் ஈரானின் சொத்துகளை முடக்கினார். அக்கடனுக்கான வட்டி செலுத்த வேண்டிய நாள் நவம்பர் 15.

வட்டியைத் தன் வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு ஈரானிய மத்திய வங்கி முன்பே அறிவுறுத்தியிருந்தது. முடக்க ஆணையின் காரணமாக அது நிறைவேற்றப்படவில்லை. வட்டி வரவில்லை என்ற அடிப்படையில் கடன் தவறியதாக அறிவிப்பதா என்பது கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. பங்கின் அளவுப்படி அமெரிக்க வங்கிகளே பெரும்பான்மை. கடனாளி செலுத்த முன்வந்தும் கடன் தந்தவரின் நாடே தடுத்ததைத் தவறுகை என்பது எவ்வாறு பொருந்தும் என்று அமெரிக்கரல்லாத வங்கிகள் சில வினவின. வாக்கு அவற்றுக்கு எதிராகச் சென்றது.

தவறுகை அறிவிக்கப்பட்டதும் தொடர்தவறு விதி செயற்பட்டது. ஒரு கடனில் தவறினால் பிற கடன்களிலும் தவறியதாகக் கொள்ளலாம் என்பதே அவ்விதி. தவறுகையைக் காரணமாகக் கொண்டு, தம்மிடமிருந்த ஈரானிய வைப்புகளைக் கடனுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ள அமெரிக்க வங்கிகள் முற்பட்டன. வைப்பு அதிகம் வைத்திருந்த வங்கி காப்புற்றது. வைப்பில்லாத ஐரோப்பிய, சப்பானிய வங்கிகள் வெறுங்கையோடு நின்றன. அனைவரும் சமம் என்ற கூட்டுக்கடனின் அடிப்படைக் கொள்கை முதன்முறையாகப் பெரிய அளவில் உடைந்தது இங்கேதான். 1981 சனவரியில் அல்ஜியர்ஸ் உடன்படிக்கையின்படி, அமெரிக்க வங்கிகள் பங்கேற்ற கூட்டுக்கடன்களை முழுமையாக அடைப்பதற்கென 366.7 கோடி டாலர் ஈரானின் முடக்கப்பட்ட பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. வங்கிகள் அசலும் வட்டியும் பெற்றன. ஆயினும் ஒரு நாட்டின் கடன் தவறியதா இல்லையா என்பதைக் கூட்டத்தின் உறுப்பினர் சேர்க்கையே முடிவு செய்யக்கூடும் என்பது உலகறிய வெளிப்பட்டுவிட்டது.

மெக்சிகோ: பிரிய முடியாத கூட்டம்

1979 அக்டோபரில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்கர் பணவீக்கத்துக்கு எதிரான கடும் கொள்கையை அறிவித்தார். 1977-இல் 6 விழுக்காட்டையொட்டி இருந்த டாலர் லைபார் 1981-இல் 16 விழுக்காட்டைக் கடந்தது. 1969-இன் வாய்பாடு இப்போதுதான் தன் முழு வலிமையைக் காட்டியது. 5,000 கோடி டாலர் மிதவை வட்டிக் கடனுள்ள நாட்டுக்கு வட்டியில் 1 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு என்பது ஆண்டுக்கு 50 கோடி டாலர் கூடுதல் செலவு. அத்தொகையைத் தீர்மானித்த முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது; கடனாளி நாட்டின் நாடாளுமன்றத்துக்கோ மத்திய வங்கிக்கோ அதில் குரல் இல்லை. கடன் வாங்கியபோது எந்த நாட்டு நிதியமைச்சரும் 16 விழுக்காட்டு வட்டிக்கு ஒப்புக்கொண்டதாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஒப்பந்தத்தின்படி ஒப்புக்கொண்டிருந்தார்.

எண்ணெய் வளமிருந்தும் மெக்சிகோ முதலில் வீழ்ந்தது வியப்பன்று. அவ்வளத்தை நம்பியே அந்நாட்டுக்குக் கடன் தாராளமாக வழங்கப்பட்டது; 1981-இல் எண்ணெய் விலை தளர்ந்தபோது நம்பிக்கையும் தளர்ந்தது. 1982 பிப்ரவரியில் பேசோவின் மதிப்பு குறைக்கப்பட்டது. சூன் இறுதியில் 250 கோடி டாலர் கூட்டுக்கடன் ஒன்று பெரும்பாடுபட்டு முடிக்கப்பட்டது. ஆகஸ்டு நடுவில் நிதியமைச்சர் ஜெசுஸ் சில்வா எர்சோக், செலாவணி இருப்பு தீர்ந்துவிட்டதென்று வாஷிங்டனில் தெரிவித்தார். அமெரிக்க அரசு எண்ணெய்க்கு முன்பணமாக 100 கோடி டாலரும் வேளாண் பொருள்களுக்குக் கடனாக 100 கோடி டாலரும் வழங்கியது. மத்திய வங்கிகள் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் வழியாக 185 கோடி டாலர் அளித்தன. ஆகஸ்டு 20 அன்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் கூடிய வங்கியாளர்களிடம், அசல் தவணைகளை 90 நாள்கள் ஒத்திவைக்குமாறு சில்வா எர்சோக் கேட்டுக்கொண்டார். மெக்சிகோவின் அயல்கடன் அப்போது சுமார் 8,000 கோடி டாலர்.

கடன் தந்த வங்கிகள் 500-க்கும் மேற்பட்டவை. அனைத்தோடும் பேச இயலாது என்பதால் பெரிய வங்கிகள் சில சேர்ந்து ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தன. சிட்டி வங்கியின் வில்லியம் ரோட்ஸ் அதில் முன்னின்றார். சிறு வங்கிகளின் நோக்கம் எளிது: தம் சிறு பங்கைப் பெற்றுக்கொண்டு வெளியேறுவது. பெரிய வங்கிகளால் அது முடியாது. ஒரு சிறு வங்கிக்கு மட்டும் பணம் தந்தால் பகிர்வு விதியின்படி அது பிறரோடு பகிரப்பட வேண்டும். ஒரு சிறு வங்கி வழக்குத் தொடுத்துத் தவறுகையை நிறுவினால் தொடர்தவறு விதி எல்லாக் கடன்களையும் ஒருங்கே சாய்த்துவிடும். இடரைப் பரப்புவதற்காகச் சேர்க்கப்பட்ட வங்கிகளின் மிகுதியே இப்போது தனி இடராயிற்று.

1982 நவம்பர் 16 அன்று பன்னாட்டு நிதியத்தின் மேலாண்மை இயக்குநர் ஜாக் தெ லாரோசியேர், வங்கியாளர்களிடம் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். வங்கிகள் 500 கோடி டாலர் புதுக்கடன் தருவதாக டிசம்பர் 15-க்குள் உறுதியளிக்காவிட்டால் நிதியத்தின் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றுத்தர இயலாது என்பதே அது. அதுவரை நிதியம் முன்செல்ல வங்கிகள் பின்தொடர்வதே முறை; இங்கு வரிசை தலைகீழானது. ஒவ்வொரு வங்கியும் தன் நிலுவையில் 7 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்று பங்கு வகுக்கப்பட்டது. தயங்கிய வட்டார வங்கிகளைப் பெரிய வங்கிகளும் மத்திய வங்கிகளும் தொலைபேசியில் அழைத்து வலியுறுத்தின. புதுக்கடன் 1983 மார்ச்சில் கையெழுத்தானது. இதுவும் வடிவத்தால் கூட்டுக்கடனே. ஆனால் எவரும் விரும்பிச் சேராத கூட்டம் அது.

புதுக்கடனின் மேல்வீதம் லைபாருக்கு மேல் 2.25 விழுக்காடு; அதோடு கட்டணமும் உண்டு. நெருக்கடிக்கு முன்பு பெற்ற கடன்களைவிட இது அதிகம். செலுத்த இயலாதவனிடம் கூடுதல் விலை கேட்பது சந்தை நியதிப்படி முறையெனினும், அக்கடனின் பெரும்பகுதி பழைய வட்டியைச் செலுத்தவே பயன்பட்டது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வங்கிகளின் கணக்கேட்டில் கடன் முழு மதிப்போடு நீடித்தது. அந்நாட்டு மக்கள் வேறு கணக்கில் செலுத்தினர். 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெக்சிகோவின் உற்பத்தி சுருங்கியது. உண்மைக் கூலி வீழ்ந்தது. 1987-இல் விலைவாசி ஓராண்டில் 150 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. இலத்தீன் அமெரிக்காவில் 1980கள் 'இழந்த பத்தாண்டு' எனப்படுவது இதனாலேயே.

முப்பத்தொன்பதில் ஒன்று

கூட்டத்தின் ஒற்றுமை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பதைக் கோஸ்டா ரிக்கா வழக்கு காட்டுகிறது. 1981-இல் அந்நாடு அயல்செலாவணிக் கட்டுப்பாடு விதித்ததால் அதன் அரசு வங்கிகள் தவணை தவறின. கடன் தந்தது 39 வங்கிகளின் கூட்டம். அலைடு வங்கி முகவர். மறுசீரமைப்புக்கு 38 வங்கிகள் இசைந்தன. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு வங்கி மட்டும் இசையாமல் வழக்கைத் தொடர்ந்தது. 1984-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கோஸ்டா ரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில், 1985-இல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றியது. கடன் நியூயார்க்கில் செலுத்தத்தக்கது; ஆகவே வேறொரு நாட்டின் ஆணை அதனைத் தடுக்காது என்பது அதன் முடிவு. இரண்டாம் தீர்ப்புக்கு முன், அமெரிக்க அரசும் வங்கித்துறையும் முதல் தீர்ப்புக்கு எதிரான நிலையை நீதிமன்றத்தின் முன் வைத்தன. மறுசீரமைப்பை அரசு ஆதரித்தது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தைக் கடனாளி ஒருதலையாக மாற்றுவதை அது ஆதரிக்கவில்லை.

பெரும்பான்மையோர் வாக்கால் தவறுகையை அறிவிக்கலாம்; ஆனால் செலுத்தும் தொகையையோ நாளையோ வட்டியையோ மாற்ற ஒவ்வொரு வங்கியின் இசைவும் தேவை. இந்த இரு விதிகளும் ஒரே ஒப்பந்தத்தில் அடுத்தடுத்து நின்றன. கடனாளியைத் தண்டிக்கப் பெரும்பான்மை போதும். விடுவிக்க ஒருமனம் வேண்டும்.

கடன் பத்திரமாதல்

1985 அக்டோபரில் சியோல் நகரில் அமெரிக்க நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் முன்வைத்த திட்டம், வங்கிகள் மேலும் கடன் தர வேண்டும் என்பதையே மையமாகக் கொண்டது. வங்கிகள் தயங்கின. 1987 பிப்ரவரியில் பிரேசில் வட்டியை நிறுத்தியது. மே மாதம் சிட்டி வங்கி 300 கோடி டாலரை இழப்புக்கான ஒதுக்கீடாக அறிவித்தது. பிற வங்கிகள் பின்தொடர்ந்தன. கடன் முழுமையாக மீளாது என்பதை வங்கிகள் தம் ஏட்டில் முதன்முறையாக ஒப்புக்கொண்ட நிகழ்வு இது. நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கிகள் தம் மூலதனத்தை உயர்த்திக்கொண்டன. கால அவகாசம் யாருக்குத் தேவைப்பட்டது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதைப் பேக்கர் திட்டத்தைப் பற்றிய மதிப்பீடுகள் போதிய அளவு கருதவில்லை.

1989 மார்ச்சில் நிதியமைச்சர் நிக்கோலஸ் பிராடி கடன் குறைப்பை ஏற்றுக்கொண்டார். 1990-இல் மெக்சிகோவின் உடன்படிக்கை நிறைவேறியது. வங்கிகள் தம் கடனை 35 விழுக்காடு தள்ளுபடியில் மிதவை வட்டிப் பத்திரமாக மாற்றலாம். அல்லது முழு மதிப்பில், 6.25 விழுக்காடு நிலை வட்டிப் பத்திரமாக மாற்றலாம். அல்லது புதுக்கடன் தரலாம். அசலுக்குப் பிணையாக அமெரிக்கக் கருவூலப் பத்திரங்கள் வைக்கப்பட்டன. புதுக்கடனைத் தேர்ந்தவை சிலவே. 6.25 விழுக்காட்டு நிலை வட்டி தனிக் கவனத்துக்குரியது. 1969-இல் கடனாளிமீது ஏற்றப்பட்ட வட்டி இடர், அப்பத்திரத்தைப் பொறுத்தவரை, இருபத்தோர் ஆண்டுக்குப்பின் கடன் தந்தவரிடமே மீண்டது.

கூட்டுக்கடன் இதனோடு மறைந்துவிடவில்லை. அரசுகளை விட்டு நிறுவனங்களை நாடியது. ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ நிறுவனத்தை 1989-இல் கைப்பற்றுவதற்கான நிதியில் 1,300 கோடி டாலருக்கு மேற்பட்ட பகுதி வங்கிக் கூட்டங்களிலிருந்தே வந்தது. கடன் பங்குகளை விற்றுக் கைமாற்றும் இரண்டாம்நிலைச் சந்தை வளர்ந்தது. அதனை ஒழுங்குபடுத்த நியூயார்க்கில் 1995-லும் இலண்டனில் 1996-லும் சங்கங்கள் தோன்றின. தொடக்கத்தில் கடனைக் கையிலேயே வைத்திருந்த வங்கிகள் இப்போது அதனை விற்பதற்கென்றே உருவாக்கின. இம்மாற்றம் தனி ஆய்வுக்குரியது.

வட்டி வாய்பாட்டின் முடிவை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். சில வங்கிகள் தாம் தெரிவிக்கும் வீதத்தைத் தம் நலனுக்கேற்ப மாற்றின என்பது 2012-இல் வெளியானது. வங்கிக் குழுவின் அடிப்படையில் கணக்கிடப்பட்ட டாலர் லைபார் 2023 சூன் 30 அன்று நிறுத்தப்பட்டது. அதனை நம்பியிருந்த பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில், வட்டி வீதத்தை மாற்ற எல்லா வங்கிகளின் இசைவும் வேண்டும் என்ற விதி இன்னும் இருந்தது. மாற்று வீதம் பற்றி ஒப்பந்தத்தில் வழியில்லாதவற்றுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் 2022 மார்ச்சில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.